அத்தை போட்ட பரங்கிக்கொடி

மலைமேல் குடியிருப்பவர்களுக்கு மழை முதலில் கிடைக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கிடைக்கத்தான் செய்யும், நின்றால்தானே! திருத்தணியில் எங்கள் வீடு மலைச்சரிவில், ஒரே பாறையின் மேல் கட்டியது. பெய்கிற மழையெல்லாம் எங்களை எட்டிப் பார்த்துவிட்டுக் கீழ்த்தெருக்காரர்களின் கிணற்றுக்குப் போய்விடும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி ஏறவேண்டும். காற்றோ, கொடியில் உலர்த்திய புடவையைக் கிழித்துவிட்டுப் போகிற காற்று. அந்த இடத்தில்தான் என் அத்தை காய்கறி போடுகிறேன் என்றாள்.

யுத்த காலம் அது. அரிசியை அளந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடுங்கள் என்று ஒரு ஆள் தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் அத்தை ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அத்தை என் நைனாவின் ஒரே தங்கை. மணவூரில் நிலம் நீச்சு உள்ள வீட்டில் கொடுத்திருந்தார்கள். ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. மாமாவுக்குத் தை மாதம் இரண்டாம் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டு, அதுவரை அண்ணன் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆனதும் திரும்பி வந்து, புதியவளுக்கும் சேர்த்துச் சோறாக்கிக்கொண்டு ஒரு மூலையில் இருக்கலாமாம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! அத்தையின் மாமியார் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தாள்: இவள் கை பட்டது எதுவும் காய்க்காது என்று.

அங்கே திரும்பிப் போகமாட்டேன் என்று அத்தை முதல் நாளே சொல்லிவிட்டாள். என் அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் நாங்கள் நாலு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில். காய்க்காத கை என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் நைனாவிடம் சொன்னாள்.

"தை வரைக்கும் இருக்கட்டுங்க. அவ கையால வெச்சது ஒண்ணு காய்ச்சா இங்கியே இருக்கட்டும், நான் வாயே தொறக்கல. இல்லன்னா அவ ஊட்டுக்குப் போவட்டும்."

நைனா தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அத்தை அழவில்லை. அன்றைக்கே கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். வண்டலை வாரித் தலையில் சுமந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் பாறை குழிந்திருந்த இடங்களில் கொட்டினாள். ஒரு நாளைக்கு ஆறு நடை, ஏழு நடை. மண்ணுக்கு அடியில் ஈரம் தங்குவதற்குத் தேங்காய் மட்டையைப் பரப்பினாள். பழைய பானையின் அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி வேரோரம் புதைத்தாள். ஒரு குடம் ஊற்றினால் மூன்று நாளைக்குச் சொட்டும். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லாம் அங்கேதான். அவள் குளிப்பதுகூடக் குழிக்கு மேல்பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்துதான்.

அவரையைக் காற்று தீய்த்துவிட்டது. கத்தரி வாடியது. கீரை நன்றாக வந்தது, இரண்டு மாதம் அதைத்தான் கடைந்து தின்றோம். ஆனால் கீரையை யார் கணக்கில் வைப்பார்கள்? அது காய் இல்லையே. மிஞ்சியது ஒரே ஒரு பரங்கிக்கொடி. அது மட்டும் ராட்சசி மாதிரி பாறை முழுக்கப் படர்ந்தது. மலையில் எங்கள் பக்கம் வேறு யார் வீட்டிலும் பரங்கி கிடையாது.

மார்கழி பிறக்கவும் கொடி பூக்கவும் சரியாக இருந்தது. மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை வைத்து, அதன் தலையில் பரங்கிப்பூ செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாசலில் கோலம் போடுவது என் வேலை. அதுவரை கீழ்த்தெருப் பெண்களிடம் ஒரு பூவுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தவள் நான். இப்போது என் வீட்டில் கொடி! கேட்கவேண்டுமா?

எந்தப் பூவைப் பறிக்கலாம் என்று அத்தைதான் காட்டிக்கொடுத்தாள். அடியில் குட்டி உருண்டையோடு வருவது பிஞ்சுப்பூ, அதைத் தொடக்கூடாது. வெறும் காம்போடு நீளமாக நிற்பது பொய்ப்பூ.

"அது காய்க்காது கண்ணு. உனுக்கு எத்தினி வேணுமோ பறிச்சுக்க."

விடியற்காலையில், பூ வாய் திறக்கும்போதே போய்ப் பறித்துவிடுவேன். பதினோரு பூ, பதினைந்து பூ. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பிஞ்சுகள் வந்தன. நெல்லிக்காய் அளவுக்கு வரும், நாலு நாளில் மஞ்சளாகும், சுருங்கி விழும். முதல் பிஞ்சு விழுந்தபோது அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாலைந்து விழுந்ததும் சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிச்சட்டியைக் கம்பில் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகும் விழுந்தது. அவள் இனிமேல் கொடிப்பக்கம் போகவேண்டாம், அவள் கண்ணே படவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அத்தை அதற்கும் கட்டுப்பட்டாள். தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து பின்கட்டு வாசலில் வைப்பாள். நான் கொண்டுபோய் ஊற்றுவேன். வந்ததும் கேட்பாள்.

"இன்னிக்கு எத்தினி நின்னுகினு இருக்குது?"

நான் எண்ணிச் சொல்வேன். பாதி நாள் கூட்டித்தான் சொல்வேன்.

அத்தை போய்விடுவாளோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. என் தலையில் பேன் பார்த்தவள் அவள், எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள். என்னால் ஆனதைச் செய்யவேண்டும் என்று நினைத்தேன். பொய்ப்பூக்கள்தான் கொடியின் சத்தை உறிஞ்சிவிடுகின்றன என்று அம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான். கோலத்துக்கு வேண்டியதோடு நான் நிறுத்தவில்லை. இலைக்கு அடியில் ஒளிந்திருந்ததைக்கூடத் தேடித் தேடிப் பறித்தேன். மார்கழி முழுக்க ஒரு பொய்ப்பூவைக்கூடக் கொடியில் மலர்ந்து நிற்க விடவில்லை. முருகா, அத்தைக்கு ஒரு காய் கொடு என்று வேண்டிக்கொண்டே பறித்தேன்.

ஒன்றும் நிற்கவில்லை.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், மாமாவின் தம்பி வந்து அத்தையை அழைத்துக்கொண்டு போனார். கல்யாண வேலைக்கு ஆள் வேண்டுமாம். நைனா ஸ்டேஷன் வரைக்கும் போய் வண்டியேற்றிவிட்டு வந்தார், தலையை ஆட்டிக்கொண்டே. போகும்போது அத்தை என்னைக் கூப்பிட்டு, கொடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிடாதே என்றாள்.

மார்கழி முடிந்துவிட்டது. பூவுக்கு வேலை இல்லை. அத்தையும் இல்லை என்பதால் எனக்கும் அக்கறை விட்டுப்போயிற்று. தண்ணீர் ஊற்றியதோடு சரி. பூக்கள் பாட்டுக்குப் பூத்துக் கிடந்தன. தேனீ வந்துகொண்டிருந்தது. மாசி பிறப்பதற்குள் ஏழு காய்! தேங்காய் அளவுக்கு, உருண்டு திரண்டு, பாறை மேல் உட்கார்ந்துகொண்டிருந்தன.

தெருவே வந்து பார்த்தது. பார்த்தியா, அவ போனதும் காய்ச்சுது என்றார்கள். அம்மா தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். உன் கைராசிடி என்று எனக்குத் திருஷ்டி கழித்தார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன? தண்ணீர் ஊற்றியவள் நான்தானே.

பொய்ப்பூவின் தூள் பிஞ்சுப்பூவில் போய்ச் சேர்ந்தால்தான் காய் நிற்கும் என்பதை, எனக்குக் கல்யாணமாகி என் மகன் பள்ளிப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்த நாளில்தான் தெரிந்துகொண்டேன். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் அந்த இரண்டாம் மனைவிக்கும் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அவர் கையைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதாகக் கேள்வி இல்லை. எனக்கு இதெல்லாம் புரிந்தபோது அத்தை செத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் அந்த மாசியில் எனக்கு என்ன தெரியும்? நைனா இருக்கிறதில் பெரிய காயாகப் பார்த்துச் சாக்கில் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு, அரக்கோணத்தில் வண்டி மாறி மணவூருக்குப் போனார். அத்தை பின்கட்டில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நான் காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"அத்தை, நீ இங்க வந்ததுக்கு அப்புறம் ஏழு காய் காய்ச்சுது!"

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா? அவள் போட்ட கொடி காய்த்தது அவளுக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

அத்தை காயைத் தொடவில்லை. சாணி ஒட்டிய இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அவங்க சொன்னது நெசந்தான்," என்றாள்.

அந்த நிமிஷம் வரைக்கும் அவள் அதை நம்பியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. காயை அவள் காலடியில் வைத்துவிட்டு, தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டேன்.