ஐம்பதாவது கை

2004 ஜனவரி 26, காலை எட்டு மணி. தேனியில் சின்னமனூர் பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். டிக்கெட் ஏழு ரூபாய். திருச்சியில் பதினெட்டு வருடமாகக் குடிமையியல் நடத்துகிறவள் நான். கல்லூரி விடுதித் தோழி அமலி இப்போது ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரின் ஊராட்சித் தலைவர். "கிராம சபையில அரசியல் சட்டம் எப்புடி வந்துச்சுன்னு பத்து நிமிசம் பேசுடி" என்று அழைத்திருந்தாள். பத்து நிமிடம் எனக்குத் தொண்டை செருமவே சரியாக இருக்கும். நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்பது மணி. சின்னமனூரில் இருந்து ஆட்டோ. விஷயத்தைச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார்.

"முன்னெல்லாம் கிராம சபை நோட்டு வீட்டுக்கே வரும்க்கா, கையெழுத்துப் போட்டுட்டு டிவி பாப்போம். இந்தத் தலைவரம்மா, ஆளு நேர்ல வந்தாத்தான் ஆச்சுங்குறாக."

பத்தரை மணி. பள்ளி மைதானத்தில் கொடியேற்றி, "இந்திய மக்களாகிய நாம்" என்று அமலி முகப்புரையை வாசித்தாள். புல்லரித்தது, பொய் சொல்லவில்லை. பிறகு தலை எண்ணினார்கள். நாற்பத்தொன்பது! ஐம்பது பேர் இல்லாமல் தீர்மானம் செல்லாது. தீர்மானம், கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய். விட்டால் அடுத்த சபை மே முதல் தேதிதான். இந்தக் கோடை முழுக்க அந்தத் தெருப் பெண்கள் குடம் சுமக்க வேண்டும்.

"நான் இருக்கேனே" என்றேன்.

"ஒனக்கு இங்கன ஓட்டு இருக்கா? பேசாம இருடி. பேச்சியம்மா பக்கத்துத் தோட்டத்துல தான் நிக்கிறா, அவளக் கூட்டியா" என்றாள் அமலி.

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து போனேன். கீழத்தெருக்காரியான பேச்சியம்மா கத்தரிக்கோலும் கையுமாக நின்றாள்.

"கடேசி வரிசை கெடக்கு டீச்சரம்மா. பன்னெண்டுக்கு லாரி கெளம்பிரும். பெட்டி நெறயாம வந்தா நாளைக்கு வேலைக்குக் கூப்புட மாட்டாக."

"கத்தரியைக் கொடுங்க, நான் வெட்டுறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காம்பப் புடிச்சு வெட்டுங்க, மெத்துன்னு வையிங்க" என்றவள் ஓட்டமாய் ஓடினாள்.

பேச்சு போச்சு. கைப்பையைப் பந்தல் கல்தூணில் மாட்டிவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். பழமெல்லாம் வெள்ளையாகப் பொடி. பூச்சிமருந்தாக்கும் என்று ஒவ்வொரு குலையையும் முந்தானையால் பளபளவென்று துடைத்து அடுக்கினேன். மைதானத்தில் கைதட்டல் கேட்டது.

பதினொன்றே முக்கால். பேச்சியம்மா மூச்சிரைக்க வந்தாள். "அம்பது ஆயிருச்சு! இந்தத் தோட்டத்து மொதலாளி கைக்குப் பக்கத்துல எங் கையும் தூக்குனேன். கொழாய் போடணும்னு எழுதிட்டாக!" பெட்டியைப் பார்த்தாள். "அடி ஆத்தீ! மாவத் தொடச்சுப்புட்டீகளே! அது இருந்தாத்தான புதுப் பழம்! பழைய பழம்னுல்ல யாவாரி ஒதுக்கிருவாரு!"

சிரித்தபடியே மிச்ச வரிசையை அவள் மின்னலாக முடித்தாள். துடைத்த நாலு கிலோவையும் நானே விலைக்கு வாங்கினேன்.

மாலை நான்கு மணி. ஊர் நிறுத்தத்தில் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். திருச்சியில் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் தானாக வருகிறது. அதற்காக நான் ஒரு நாளும் கை தூக்கியதில்லை. "மக்களாகிய நாம்" என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அதில் ஒரு ஆள் குறைந்தால் ஒரு தெருவுக்கே தண்ணீர் இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. மனசு நிறைந்திருந்தது.

வழியனுப்ப வந்த பேச்சியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கொழாய்ல தண்ணி வந்ததும் சொல்லிவிடுறேன், வாங்க டீச்சரம்மா. பழத்த மட்டும் தொட்றாதீக."