டிரான்ஸ்ஃபார்மரில் எனக்கொரு முறை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூர்ச் சாயப்பட்டறை, லாரி கிளீனர் வேலை, அறுவடை இயந்திரம் என்று எதிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து, பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கி டாக்சியாக ஓட்டத் தொடங்கியபோதும், இது எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது.

பேட்டரியும் பழசு. முழுதாக ஏற்றினால் நூறு கிலோமீட்டர் தாண்டும், அவ்வளவுதான். தஞ்சாவூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் ஓர் அம்மா தினமும் போய்வர என்னை அமர்த்தியிருந்தார். காலை ஆறரைக்குக் கிளம்புவோம். போவதற்கு வீட்டில் ஏற்றிய சார்ஜ். திரும்புவதற்கு, அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருக்கும் சார்ஜிங் நிலையத்தில் ஏற்றிக்கொள்வேன். அங்கே வரிசையில் நிற்பவர்களுக்குள் “எத்தனை பர்சன்ட்?” என்பதுதான் நலம் விசாரிப்பு. எண்பது ஆனதும் கழற்றி அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் முறைப்பார்கள். வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஏசிக்குப் போட்ட பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர். சாப்பிட்டுவிட்டுச் செருகுவேன், விடிந்ததும் உருவுவேன்.

குறுவை நெல்லுக்கு நாற்று விட்ட மாதத்தில் அந்த நிம்மதி கெட்டது. ஒருநாள் காலை பார்த்தால் முப்பத்தொரு பர்சன்ட். இரவில் வோல்டேஜ் இறங்கி சார்ஜர் நின்றுபோயிருந்தது. அம்மாவைத் திருவாரூர் வரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். அவருடைய முதல் வகுப்பு தவறிவிட்டது. அவர் கத்தவில்லை. “இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேங்க,” என்றார். அந்தச் சவாரி போனால் காரை விற்றுவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஊரைவிட்டுக் கிளம்ப எனக்கு மனமில்லை.

மின்வாரியத்தில் புகார் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த மாலை, ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இவர் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தார். என் வீட்டுக்கும் சுற்றியுள்ள வயல் மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்; அதன் லைனில் கடைசி மோட்டார் அவருடையது. ஜன்னலில் தொங்கிய ஒயரைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“ராத்திரி என் மோட்டார் உறுமி உறுமி நிக்கிது. யாரு கரண்ட்டக் குடிக்கிறான்னு மூணு நாளா தேடுறேன். நீங்கதானா அண்ணே?”

என் கார் சார்ஜ் ஏறாமல் நிற்பதற்கு உங்கள் மோட்டார்தான் காரணம் என்றேன். சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். அந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஐந்து மோட்டார்கள். எல்லாம் ஒன்றாக ஓடினால் எதுவும் இறைக்காது. அதனால் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல் மோட்டாருக்கும் முறை வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் மூன்றுதான். என் சார்ஜர் ஏறக்குறைய ஒரு மோட்டார் அளவு இழுக்கும். வெளியூர்க்காரன், ஒன்றும் தெரியாமல் நடுவில் புகுந்திருந்தேன். அவருடைய நாற்று நுனி கருகிக்கொண்டிருந்தது.

எனக்கும் ஒரு முறை கொடுங்கள் என்று கேட்டேன்.

“நெலமே இல்லாதவருக்கு முறையா?” என்றவர் கொஞ்சம் யோசித்தார். “முறை வச்சிருக்கவங்க வாய்க்கால் வெட்ட வரணும். கூலிக்கு ஆள் அனுப்பக் கூடாது. கார்க்காரர் சேத்துல எறங்குவீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். மோட்டார் தண்ணீர் ஓடும் பொது வாய்க்கால் முழுக்கக் கோரையும் சேறும். மண்வெட்டி எனக்குப் புதிதில்லை. இருந்தும் மூன்று மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்தது. வண்டியையும் ஓட்டிவந்து எருமை மாதிரி இங்கேயே குளிப்பாட்டிக்கொள் என்று மற்ற மோட்டார்க்காரர்கள் கேலி பேசினார்கள். கரையேறி டீ குடிக்கும்போது நேரம் குறித்தார்கள். மாலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை என் கார். அப்போது அந்தப் பெண்ணின் மோட்டார் ஓடாது. பன்னிரண்டுக்கு நான் உருவிவிட வேண்டும். அதன்பின் விடியும்வரை அவருடைய நாற்றுக்கு.

திங்கட்கிழமை காலை தொண்ணூற்றிரண்டு. அம்மா ஏறியதும் எட்டி அந்த எண்ணைப் பார்த்தார். கையில் என்ன துணி சுற்றியிருக்கிறது என்று கேட்டார். சார்ஜ் ஏற்ற வாய்க்கால் வெட்டினேன் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. நீடாமங்கலம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். விடைத்தாள் கட்டை மடியில் வைத்தபடியே தூங்கியிருந்தார்.