வாசலில் மூணு பால் பாக்கெட்

மூணு நாள் ஜுரம். எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியல. இன்னைக்குத்தான் பீர்க்கன்கரணை மெடிக்கல் ஷாப் வரைக்கும் நடந்தேன்.

அங்க டிவி ஓடிட்டிருந்துச்சு. மேட்ச் ஃபிக்ஸிங்ல மாட்டின கிரிக்கெட் ஸ்டார் வீட்டு வாசல்ல ஏகப்பட்ட கேமரா. இங்கிலீஷ் சேனல் நிருபர் கேட் பக்கத்துல கிடக்கிற பால் பாக்கெட்டைக் காட்டி, “மூணு நாளா யாரும் எடுக்கல! உள்ளே என்ன நடக்குது?”ன்னு கத்தறார்.

கடைக்கார அண்ணன் உச்சுக் கொட்டினார். “பாவம் சார், உள்ள இன்னா ஆச்சோ.”

எனக்கு ஜுர மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் கண்ணு டிவிலதான்.

திரும்பி வந்து பார்த்தா, என் கேட்ல தொங்கற பையிலயும் மூணு பாக்கெட். கெட்டுப்போய் உப்பியிருக்கு. பால்காரர் தினமும் பழசு மேலயே புதுசை வச்சுட்டுப் போயிருக்கார்.

நம்ம வாசலுக்கு ஒரு கேமரா வரணும்னா என்னப்பா தப்பு பண்ணணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.