பரீட்சைக்காரர் ஹொசோயாவும் மசுயா கடையும்

எங்கள் தோகாமாச்சியில் ஹொசோயா கன்ஜியிடம் பெயிலாகாத குடும்பம் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். என்னையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவர். ஊர் டிரைவிங் ஸ்கூலில் கடைசிப் பரீட்சையன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மார்க் போடுவது அவர் வேலை. முப்பத்தொரு வருஷமாக அதையே செய்துவருகிறார். பாஸ் என்றாலும் பெயில் என்றாலும் குரல் ஒன்றுபோலத்தான் இருக்கும். மனைவி பிரிந்து போய்ப் பல வருஷமாகிவிட்டது. மகளைக் கட்டிக் கொடுத்தது தூரத்து ஊரான செந்தாயில். அவர் வீட்டு அடுப்பில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொதிப்பதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

மத்தியானச் சாப்பாடு மசுயாவில். என் சலூனுக்கு நேர் எதிரே இருக்கும் சின்னக் கடை அது. கடற்பாசி சேர்த்துப் பிசைந்த வழுவழுப்பான சோபா நூடுல்ஸும், பன்றிக்கறி கட்லெட்டைச் சோயா சாற்றில் முக்கிச் சுடுசோற்றின்மேல் அடுக்கிய கட்சுதோனும்தான் அங்கே விசேஷம். இகராஷி யோஷியோ எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வார். மனைவி தொயோகோ மாவு பிசைவாள், பரிமாறுவாள், வாயும் ஓயாது. கட்சு என்ற சொல்லுக்கு ஜெயிப்பது என்றும் அர்த்தம் இருப்பதால், பரீட்சைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் மசுயாவுக்கு வந்து கட்சுதோன் சாப்பிடுவார்கள். மறுநாள் மார்க் போடப்போகிற ஹொசோயாவும் மூலையில் அதையே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரைக் கண்டதும் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. அவர் பக்கத்து நாற்காலி, கடை நிரம்பி வழிகிற நாளிலும் காலியாகவே கிடக்கும்.

போன வருஷம் வசந்தத்தில் யோஷியோவுக்குக் கண் பார்வை ஓரங்களில் மங்க ஆரம்பித்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சோபா மாவும் கறியும் மலைக்கு அந்தப் பக்கம் ஒஜியாவிலிருந்துதான் வரவேண்டும். ஐந்து மாதம் அக்கம்பக்கத்தார் முறைபோட்டு வாங்கி வந்து கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் தொயோகோ குனிந்து குனிந்து நன்றி சொன்னது எங்களுக்கே சங்கடமாக இருந்தது. பிறகு ஒருநாள், அறுபத்திரண்டு வயதில், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

முதல் பரீட்சைக்கு ஹொசோயாதான் வந்தார். கோயில் முக்கில் சாலையில் "நில்" என்று எழுதியிருக்கும் கோட்டில் வண்டி முழுதாக நிற்கவில்லை.

"நின்னேனே வாத்தியாரே!"

"வேகம் குறைஞ்சுது. நிக்கலை."

அவ்வளவுதான், பெயில். இரண்டாம் தடவையும் அவரே வந்தார். இடதுபக்கம் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் ஹொசோயா கடைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்று வாரமாக ரொட்டிப் பொட்டலம் வாங்கி, ஆற்றங்கரையில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று ஊரில் பேச்சு.

முடிவெட்டிக்கொள்ள என்னிடம் அவர் வந்தே ஆகவேண்டுமே! ஒரு வியாழக்கிழமை, கழுத்தில் துணி கட்டி, பாதி முடி வெட்டியிருந்த நேரம் பார்த்துத் தொயோகோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையெல்லாம் மாவு.

"வாத்தியாரே, கார் ஓட்டுறதுல பெயில் போட்டீங்க, சரி. என் சோபாவுக்கு எதுக்குப் பெயில்?"

ஹொசோயா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். எழுந்து ஓடவும் வழியில்லை.

"அப்படி இல்லம்மா. உங்க கையால சாப்பிட்டுட்டு உங்களுக்கே மார்க் போடுறது நல்லா இருக்காது."

"அப்போ பத்தொம்பது வருஷமா சாப்பிட்டதை என்ன பண்றது? திருப்பித் தந்துடுவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அடுத்த தடவை வேற ஆளைப் போடச் சொல்றேன். உங்களுக்கும் அதுதான் சுலபம்" என்றார் ஹொசோயா.

"ஐயோ, அதெல்லாம் வேண்டவே வேண்டாம். வேற ஆள் பாஸ் போட்டா, ஹொசோயா இல்லாததாலதான் தப்பிச்சான்னு இந்த ஊரு நான் சாகுற வரைக்கும் சொல்லும். இதோ இந்த ஆளே முதல்ல சொல்லுவாரு." என்னைத்தான் காட்டினாள். மறுக்க முடியவில்லை. "நீங்களே வாங்க. சாப்பிடவும் வாங்க."

மறுநாள் பன்னிரண்டேகாலுக்கு அவர் மசுயாவின் வாசல் திரையை விலக்கியபோது, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். யோஷியோ கட்லெட்டைப் பொரித்தார். கிண்ணம் வந்ததும் ஹொசோயா குனிந்து பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு துண்டு கூடுதலா இருக்கே."

"கண்ணு தெரியாதவன் எண்ணினா அப்படித்தான் இருக்கும்" என்றார் யோஷியோ, முகத்தைத் திருப்பாமல்.

ஹொசோயா அந்தத் துண்டைச் சின்னத் தட்டில் எடுத்து வைத்தார். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண் கட்சுதோனைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நாளைக்குப் பரீட்சைதானே? சாப்பிடு." அவள் முகம் வெளுத்துவிட்டது. சாப்பிட்டால் குற்றமா, சாப்பிடாவிட்டால் குற்றமா என்று எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடையே வெடித்துச் சிரித்தது. அந்தக் கடையில் ஹொசோயா பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் பரீட்சைக்கும் ஹொசோயாவே வந்தார். அன்று லேசாகப் பனி தூவியது. கோயில் முக்கில் தொயோகோ வண்டியை நிறுத்தினாள். வலது பார்த்தாள், இடது பார்த்தாள், மறுபடி வலது பார்த்தாள். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் அசையவில்லையாம். சாயங்காலம் ஹொசோயா வழக்கமான குரலில் சொன்னார்: "பாஸ். கண்ணாடி பாக்குறது இன்னும் போதாது." தொயோகோ கடைக்கு வந்து மாவுப் பலகைமேல் தலை வைத்து அழுதாள். யோஷியோ அடுப்பை அணைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் முதல் திங்கட்கிழமை, மசுயாவுக்கும் என் சலூனுக்கும் விடுமுறை. ஒஜியாவுக்குப் போக, ஹொசோயாவைத் துணைக்குக் கூப்பிட்டாள். அவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். மூட்டை தூக்க நான் பின்சீட்டில். மலைப்பாதை ஏறியதிலிருந்து ஹொசோயாவின் வலதுகால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. ஸ்கூல் வண்டிகளில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"வாத்தியாரே, இந்த வண்டியில உங்க பக்கம் பிரேக் கிடையாது. மிதிச்சு மிதிச்சு ஓட்டை போட்டுடாதீங்க."

"எனக்குத் தெரியுது. காலுக்குத்தான் தெரியல."

மில்லில் மாவும் கடையில் கறியும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பனி கரைக்கத் தண்ணீர் பீய்ச்சும் சாலையில் டயர்கள் சளசளவென்று ஓடின. சுரங்கப்பாதைக்கு முன்னாலேயே அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஓடுகிற வண்டியில், அதுவும் அந்தப் பக்கத்து சீட்டில், ஹொசோயா தூங்குவாரென்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தொயோகோ ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ரேடியோவைக் குறைங்க" என்றாள் என்னிடம் மெதுவாக. பின்சீட்டிலிருந்து எட்டிக் குறைத்தேன்.

கடை வாசலில் வண்டி நின்றபோதும் ஹொசோயா விழிக்கவில்லை. யோஷியோ சத்தம் கேட்டு வெளியே வந்தார். தொயோகோ அவர் காதருகே போய் ஏதோ சொன்னாள். இன்ஜினை அணைக்காமல், ஹீட்டர் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் மூட்டைகளை ஒவ்வொன்றாக, சத்தம் போடாமல் உள்ளே இறக்கினோம்.