சம்பந்தியைக் கடலுக்குக் கூட்டிப்போன கதை

என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பாவிடம் நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. "கடல்ங்களா? அது எங்களுக்குக் கொல்லைப்பக்கம் மாதிரிங்க சம்பந்தி" என்றேன்.

பாண்டிக்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். சாயங்காலமானால் பீச் ரோட்டுக்குப் போவோம். போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்களை வேடிக்கை பார்ப்போம். ஐஸ்க்ரீம் தின்போம். காத்து நல்லா வருது என்போம். ஐம்பது வயசு தாண்டியும் எனக்கும் கடலுக்கும் இவ்வளவுதான் பழக்கம். கரையெல்லாம் கருங்கல் கொட்டி வைத்திருப்பதால், இறங்க ஆசைப்பட்டாலும் இறங்க முடியாது. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

சம்பந்தி விழுப்புரம் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிறவர். கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது, ஜவுளி எடுக்க அவரும் சம்பந்தியம்மாவும் வந்து நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் தங்கினார்கள். ராத்திரி சாப்பிடும்போது, படகில் ஒரு தடவை போகவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை என்றார். "காலையிலேயே போயிடலாம்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படித்தான், என்னைக் கேட்காது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியை அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள். குளியலறையில் வாளி நிரம்பி வழிந்தாலே மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துகிற ஆளை அவளுக்குத் தெரியாதா?

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவுக்குப் பிள்ளைச்சாவடியில் வீடு. அவர் வீட்டுக்காரரிடம் ஃபைபர் படகு இருக்கிறது. ராத்திரியே போன் போட்டு, நாளைக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்குமோ என்று ஆசையோடு விசாரித்தேன். குளம் மாதிரி கிடக்குது, தாராளமா வாங்க என்றார் அக்கா. படுபாவிக் கடல்.

காலையில் கரைக்குப் போனால் படகில் ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். மரியாதைக்கு, "நீங்க போட்டுக்கங்க சம்பந்தி" என்றேன். வேண்டாம் என்று சொல்கிற விருந்தாளியை இன்னொரு தடவை கேட்பதுதான் நம் வழக்கம். நான் கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ஜாக்கெட்டுக்குள் இருந்தேன். மீன்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னா சார், கைப்புள்ளைக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அக்கா, என் மனைவி, சம்பந்தியம்மா மூன்று பேரும் கரையிலேயே இட்லிப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். புத்திசாலிகள்.

அலையைத் தாண்டும்போது படகு மூக்கைத் தூக்கியது. பலகையை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். பயம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது. அதோ பாருங்க லைட் ஹவுஸ் என்று சம்பந்திக்குக் காட்டினேன். படகுக்காரர் அது செல்போன் டவர் என்றார். இந்தப் பக்கம் நிறைய மீன் கிடைக்கும் என்றேன். இப்போது ஒன்றும் கிடைப்பதில்லை என்றார். கொஞ்ச தூரம் போய் இன்ஜினை நிறுத்தினார். படகு தொட்டில் மாதிரி ஆடியது. தியானம் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

'தொபுக்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். எதிர்ப் பலகையில் சம்பந்தி இல்லை. அவர் வேட்டியும் சட்டையும் மட்டும், அழகாக மடித்து, மேலே கண்ணாடி வைத்து.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் முகமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணப் பத்திரிகைதான். அச்சாகி வந்துவிட்டது. சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்வது? கூட்டிக்கொண்டு போனேன், வேட்டியைத்தான் கொண்டுவர முடிந்தது என்றா? என் மகள் ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டாள். அப்பனைக் கடலில் தள்ளினவன் வீட்டில் எந்தப் பிள்ளை பெண் எடுப்பான்? "சம்பந்தி போயிட்டாரு!" என்று அலறிக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றினேன். அது காதில் மாட்டியது. பிய்த்து எடுத்துக் குமிழி வந்த இடத்தைப் பார்த்து வீசினேன். சரியாக அந்த நேரம் பார்த்து மேலே வந்தார் மனுஷர். ஜாக்கெட் அவர் தலையில் விழுந்தது. தானாக முழுகாதவர் என் ஜாக்கெட் அடித்து முழுகினார்.

படகுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்கிட்ட கேட்டுட்டுத்தானே குதிச்சாரு, நீங்கதான் கண்ண மூடியிருந்தீங்க" என்றார். சம்பந்தி மறுபடி மேலே வந்து படகு விளிம்பைப் பிடித்தார். எருமை மாதிரி சுகமாக மிதந்தார்.

"நான் கெணத்துலயே வளந்தவன் சம்பந்தி. மோட்டார் ரூம் மேலேருந்து குதிப்பேன்" என்றார். அப்புறம்தான் என்னைக் கவனித்தார். ஜாக்கெட் இல்லாமல், படகின் அடியில் குந்தி, படகுக்காரரின் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"கொல்லைப்பக்கம்னீங்களே?"

"அந்தக் கதவத் தொறந்ததே இல்லீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. தயவுசெய்து சிரிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அதற்கும் சிரித்தார்.

கரையில் என் மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் சம்பந்தி தலையைத் துவட்டிக்கொண்டே பெண்களிடம் சொன்ன கதை வேறு. "நீச்சல் தெரியாத மனுஷர், தான் போட்டிருந்ததக் கழட்டி எனக்கு வீசினாரு" என்றார். சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தியாகி மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். "பயத்துல என்ன பண்றாருன்னு அவருக்கே தெரியாது" என்று என் மனைவி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அதுவும் உண்மைதான்.

இவ்வளவு நல்ல மனுஷர் நீச்சல் தெரியாமல் இருக்கலாமா என்று சம்பந்தி அங்கேயே முடிவு கட்டிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் நிலத்துக் கிணற்றுக்கு நான் வரவேண்டும். "இதென்ன பிரமாதம்" என்றது என் வாய்.

ஞாயிற்றுக்கிழமை. கிணற்றைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டு ஜனம் மொத்தமும். என் முதுகில் ரெண்டு காலி எண்ணெய் கேன், இடுப்பில் கயிறு. கயிற்றின் அந்த முனையை மாப்பிள்ளை கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன். கேன் லூசாக இருக்கிறது என்றேன். வெயில் தாழட்டும் என்றேன். "குதிங்க மாமா, நான் புடிச்சிருக்கேன்" என்றார் அவர்.

குதித்தேனா, வழுக்கினேனா, இன்றைக்கும் தெரியாது. பச்சைத் தண்ணீர், மூக்கெல்லாம் எரிச்சல், மேலே கைதட்டல். கைக்கு அகப்பட்டதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அது மாப்பிள்ளையின் கழுத்து. கயிற்றோடு அவரையும் உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவர் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "மாமா, கொஞ்சம் கழுத்த விடுங்க. எனக்குக் கல்யாணம் இருக்கு."