பெயர் கேட்காத ஆட்டம்

நிரோஷன் இறந்த செய்தி வந்தபோது நான் கடையில் யாரோ ஒருவரின் காற்சட்டையைக் கட்டையாக்கிக்கொண்டிருந்தேன். லண்டன் மனோர் பார்க்கில் உடுப்புத் திருத்திக் கொடுக்கிற சின்னக் கடை. போனில் அத்தான், நிரோவின் தகப்பன். "பிள்ளை, நிரோவுக்கு இதயம் நிண்டிட்டுதாம். காலமை எழும்பேல்லை," என்றார். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. அப்போது நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. "ஆருக்கும் சொல்லிட்டீங்களோ அத்தான்?" என்றேன். என் அக்காவின் பிள்ளை போய்விட்டான். எனக்கு முதலில் வந்த யோசனை, யாருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, என்ன கதைப்பார்கள் என்பதுதான்.

போனை வைத்த பிறகு பார்த்தால் காற்சட்டையில் ஒரு கால் மட்டும் தைத்தபடி கிடந்தது. மற்றக் காலை வேறு ஒருவர்தான் தைத்துக் கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் வழக்கமாகப் படித்தவர்கள்தான் எழுதுவார்கள். டொக்டர், லோயர், கோயில் தலைவர். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அக்கா சொன்னா: "நீ எழுதடி. அவன் உன்னட்டத்தானே எல்லாம் கதைச்சவன்." அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதவும் ஒத்துக்கொண்டேன்.

அவன் இறந்த அன்று பின்னேரமே அறிவித்தல் எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும். பெரிய தோள் கவசம் போட்ட படம். கீழே "அமெரிக்க அணியின் புகழ்பூத்த வீரர்" என்று இருந்தது. அறிவித்தலைச் செய்வித்தவர் பரமர் அண்ணை. எனக்கும் அக்காவுக்கும் ஒன்றுவிட்ட தமையன், எங்கள் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவர். நல்ல மனுசன். செத்தவீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து நிரோவோடு விளையாடிய பெடியன்கள் வந்திருந்தார்கள். மண்டபக் கதவுக்குள் பக்கவாட்டாக நுழைய வேண்டிய உடம்புகள். அவர்களில் மாட்டின் என்கிற ஒருவன் அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு என்னிடம் வந்தான். நிரோ தன்னைப் பற்றி இப்படி ஒருநாளும் சொன்னதில்லையே, இதை யார் எழுதியது என்று மெதுவாகக் கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் கையிலிருந்த பூத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

உங்களில் பலருக்கு நிரோ என்ன விளையாடினான் என்று தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாது. அது காலால் உதைக்கிற பந்தில்லை. முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையால் எறிந்தும், கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடியும், முட்டி மோதியும் விளையாடுகிற அமெரிக்கன் புட்போல். யூனிவர்சிட்டியில் தொடங்கினான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரமும் அகலமும் அவனுக்கு. முன்வரிசையில் நிற்பான். பந்து அவன் கைக்கு வரவே வராது. பின்னால் நின்று பந்தை எறிகிறவனை எதிராளி வந்து விழுத்தாமல் மறித்து நிற்பதுதான் அவன் வேலை.

அந்த வேலைக்குப் பாரம் வேண்டும். கோயில் அன்னதானத்தில் அவன் இலையைப் பார்த்து, "தம்பி, பின்னுக்கும் சனம் நிக்குது, கொஞ்சம் விட்டுவையும்," என்று பகிடி பண்ணுவார்கள். அவனும் சிரிப்பான். ஒருநாள் என் குசினியில் அவன் சாப்பிடுகிறதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சோறு, கோழி, அவித்த முட்டை. அரைவாசியில் கண் கலங்கிவிட்டது. உறைப்போ என்று கேட்டேன். "நோ சின்னம்மா, பசிக்கேல்லை," என்றான். "அப்ப ஏனடா திங்கிறாய்?" "வேலை சின்னம்மா. ஒவ்வொரு நாளும் இன்டர்வியூ வைக்கிற வேலை இது. நேற்று பாஸ் பண்ணினது இண்டைக்குச் சரிவராது." தண்ணியைக் குடித்துவிட்டு மற்ற முட்டையை எடுத்தான். சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லாத பிள்ளை என்று அதுவரைக்கும் ஊரெல்லாம் பெருமை பேசினவள் நான்.

இன்னொரு நாள் தன் ஆட்டம் ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினான். நேர்முக வர்ணனையில் எல்லாருடைய பெயரும் வந்தது, அவனுடையது வரவில்லை. முடியும் மட்டும் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, "என்னடா, உன்ர பேரையே சொல்லுறாங்கள் இல்லை?" என்றேன். அவன் என் தோளில் தட்டினான். "சின்னம்மா, என்ர பேரைச் சொன்னா நான் பிழை விட்டிட்டன் எண்டு அர்த்தம். பேர் கேக்காத ஆட்டம்தான் நல்ல ஆட்டம்." பிறகு இன்னொன்றும் சொன்னான். "நான் காப்பாத்துறவனை நான் பாக்கிறேல்லை. அவன் எனக்குப் பின்னால நிக்கிறான். நான் நிக்கிறன் எண்டு நம்பி அவன் நிக்கிறான். அவ்வளவுதான்."

அப்படிப்பட்டவனுக்குத்தான் நாங்கள் மண்டபம் எடுத்துப் பனர் கட்டினோம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய அணி அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருந்தது. அதுதான் அவனுடைய கனவு. அதற்காகத்தான் அந்தச் சாப்பாடு, அந்த நித்திரை, விடியற்காலை ஓட்டம் எல்லாம். முகாமுக்குக் கூப்பிடுகிறவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப்பேரைக் கடைசியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் அதை எல்லாருக்கும் சொன்னான். "மாமா, இன்னும் எடுக்கேல்லை. கூப்பிட்டு மட்டும்தான் இருக்கினம்." பரமர் அண்ணை விடவில்லை. "கூப்பிட்டவை தானே தம்பி? எங்கட பெடியங்களில வேற ஆரையும் கூப்பிட்டவையோ? நீர் சும்மா இரும்." நோர்பரியில் மண்டபம். பனரில் அவன் படத்துக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட உருண்டைப் பந்து. கேக்கும் அதே உருண்டைப் பந்துதான். பொன்னாடை போர்த்தினார்கள், அது அவன் தோளைச் சுற்றப் போதவில்லை, வழுகி விழுந்துகொண்டே இருந்தது. பேசச் சொன்னார்கள். "நன்றி," என்றான். இன்னும் பேசு என்றார்கள். "இன்னும் எடுக்கேல்லை," என்றான். சனம் அதைப் பணிவு என்று நினைத்துக் கைதட்டியது. ஆராத்தித் தட்டு என் கையில். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன்.

கோடை முடிகிற நேரம் ஒரு பின்னேரம் என் வீட்டுக் கதவில் மணி அடித்தது. நிரோ பையோடு நின்றான், நேரே எயார்போட்டிலிருந்து. "அம்மாக்குச் சொல்லாதேங்கோ சின்னம்மா," என்றுவிட்டு உள்ளே வந்தான். எப்படி நடந்தது என்று கேட்டேன். "ஒரு ஆள் வந்து, கோச் கூப்பிடுறார், டப்லெட்டையும் கொண்டு வா எண்டு சொல்லுவான். அவங்கள் தந்த சின்னக் கொம்பியூட்டர் அது, ஆட்டத் திட்டம் எல்லாம் அதுக்குள்ளதான். அதைக் கொண்டு வரச் சொன்னா முடிஞ்சுது. மரியாதையாத்தான் கதைச்சவங்கள்." அவ்வளவு பெரிய உடம்பு என் சின்னச் சோபாவில் சுருண்டு கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் என் வீட்டில் ஒளித்திருந்தான். சரியான சொல் அதுதான். ஆள் நடமாட்டம் இல்லாத விடியலில் வான்ஸ்டெட் வெளிக்குப் போய் ஓடிவிட்டு வருவான். மற்ற நேரம் குசினிக் கதிரையில் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான். அக்கா அமெரிக்காவுக்கு எடுக்கிறதாக நினைத்து போன் எடுப்பா. என் யன்னலில் மழை அடித்துக்கொண்டிருக்கும். "ஓம் அம்மா, இஞ்ச நல்ல வெயில்," என்பான். ஒருநாள் அவன் கதைத்துக்கொண்டிருக்கையில் அடுப்பில் பருப்புக் குக்கர் விசில் அடிக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் ஏதடா குக்கர் என்று அக்கா கேட்டுவிடுவா என்று பயந்து பாய்ந்து போய் அடுப்பை நிறுத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பயப்படாதே என்று கையைக் காட்டினேன். அவன் முகம் சுருங்கிப் போனது. தன்னுடைய பொய்யை இன்னொருத்தி ஓடி ஓடிக் காவல் காக்கிறாள் என்பதை அந்த இடத்தில்தான் கண்டிருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒவ்வொரு ஆட்டமும் முடிய எல்லாரையும் ஒரு ரூமில இருத்திப் படம் போடுவாங்கள் சின்னம்மா. நான் விழுந்த இடத்தை நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்டுவாங்கள். எல்லாருக்கும் முன்னால. அதைப் பாத்தாத்தான் அடுத்த கிழமை விளையாடலாம். ஒளிச்சா ஏலாது."

அந்த ஞாயிறு அக்கா வீட்டில் பேரப்பிள்ளை ஒன்றுக்குப் பிறந்தநாள். பரமர் அண்ணை உட்பட எல்லாரும் இருந்தார்கள். நிரோ உள்ளே வந்தான். அக்கா தமிழ்ப் பெண்கள் எல்லாரும் செய்வது போல முதலில் மகிழ்ச்சியில் அழுதுவிட்டு, பிறகு ஏன் வந்தான் என்று யோசித்தா. அவன் நடு ஹோலில் நின்று சொன்னான்: "என்னை எடுக்கேல்லை. என்ர கால் பிந்தினது. எடுத்த பெடியன் என்னைவிட வேகம். நான் வந்து கனநாள். சின்னம்மா வீட்டை ஒளிச்சிருந்தனான்." பரமர் அண்ணைதான் அவன் கையைப் பிடித்து, "சரி தம்பி, சரி. இதை வெளியில கதைக்கத் தேவையில்லை," என்றார்.

"மாமா, நான் வெளியிலதானே விழுந்தனான்," என்றான் நிரோ.

அவன் சொல்லிவிட்டான். நாங்கள்தான் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு "ஓம், அமெரிக்கா டீம்தான், இப்ப கொஞ்சம் ரெஸ்ட்," என்றோம். நானும் கடையில் அப்படித்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் ஜெர்மனியில் ஒரு அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. பெரிய சம்பளம் இல்லை. எட்டு வருடம் அங்கே விளையாடினான். முதல் சில வருடம் ஒவ்வொரு குளிர்காலமும் திரும்பத் திரும்ப அமெரிக்கத் தெரிவுக்கு எழுதிப் போட்டான். "இன்னும் ஆசை விடேல்லையோ?" என்று கேட்டால், "ஆசை விட்டா முதல் அடியிலேயே பின்னால போயிடுவன் சின்னம்மா," என்பான். முழங்கால் போன பிறகு லண்டனுக்கு வந்து முன்வரிசைப் பெடியன்களுக்குக் கோச் ஆனான். அந்த எட்டு வருடத்துக்கும் எந்த மண்டபமும் இல்லை, பனரும் இல்லை, கேக்கும் இல்லை. வீட்டில் மாட்டியிருந்த படமும் அந்த முகாமில் எடுத்ததுதான்.

அக்காவும் நானும் ஒரேயொரு தரம் ஜெர்மனிக்குப் போய் அவன் ஆட்டத்தைப் பார்த்தோம். எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று விளங்காமல் இருந்தோம். திடீரென்று ஒலிபெருக்கியில் நிரோஷன் என்று அவன் பெயர் கேட்டது. அக்கா துள்ளி எழும்பிக் கைதட்டினா. "கேட்டியே, என்ர பிள்ளையின்ர பேர்!" சுற்றியிருந்த சனம் எங்களையே பார்த்தது. அவன் எதிராளியைப் பிழையாகப் பிடித்ததற்குத் தண்டனை அறிவித்திருக்கிறார்கள். எனக்கு விளங்கியது, அக்காவுக்கு விளங்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. மைதானத்தில் நிரோ தலைக்கவசத்தோடு எங்கள் பக்கம் திரும்பி, தாய்க்கு ஒரு கையை உயர்த்திக் காட்டினான். பிறகு குனிந்து தன் இடத்தில் நின்றான்.

இந்த மலரின் முன்பக்கத்துக்கும் பரமர் அண்ணை அந்தப் பழைய வரியையே எழுதிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்றேன். "பிள்ளை, செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமே?" என்றார். "எட்டு வருசம் சம்பளத்துக்கு அடிபட்டு விளையாடினது மரியாதை இல்லையோ அண்ணை?" என்றேன். பெரியவருக்கு முன்னால் என் குரல் அப்படி எழும்பியது அதுதான் முதல் தடவை. அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் நிலத்தைப் பார்த்தார். அக்காதான் மூலையிலிருந்து சொன்னா: "எடுக்கேல்லை எண்டே போடுங்கோ அண்ணை. அவன் எங்களுக்கு முன்னால நிண்டு சொன்னவன். நாங்கள் கேக்கேல்லை." பரமர் அண்ணை பேனையை எடுத்து அந்த வரியைத் தானே வெட்டினார். "ரெண்டு பந்தும் பிழையாப் போச்சுது, என்ன," என்றார். அந்தப் பனரையும் கேக்கையும்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது.

அதனால் முன்பக்கத்தில் இப்படி இருக்கிறது: ஜெர்மனியில் எட்டு வருடம் விளையாடியவர், பயிற்சியாளர், அமெரிக்க அணி ஒன்றின் முகாமுக்குச் சென்றவர், தெரிவாகாதவர். அந்தக் கடைசிச் சொல்லை வாசிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தால், அது எங்களுடைய கூச்சம். அவனுடையது அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது பெரிதாக ஒன்றுமில்லை. என் குசினியில் ஒரு கதிரை, அதன் பின்கால் ஒன்று அவன் பாரத்தில் வளைந்தது. அதை மாற்றவில்லை. இப்போதும் பருப்பு அவிய வைத்தால், குக்கர் விசில் அடிக்கையில் கை தன்பாட்டில் அடுப்புக்குப் போகும். நான் கையை இழுத்துக்கொள்கிறேன். செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போன ஒருவர் நேற்றுப் போனில் கேட்டார், "அமெரிக்கா டீமில இருந்த பெடியன்தானே?" என்று. பின்னால் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்க விட்டேன். "இல்லை," என்றேன். "எடுக்கேல்லை. இருந்து கேளுங்கோ, சொல்லுறன்."