கூவல் பிறக்கும் இடம்

பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சரம் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். மைக் செட் பஞ்சாட்சரம் என்றால் ஒருவர்தான். கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, கறுப்புப் பெட்டிகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். மாகறல், முசரவாக்கம் வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மைக் கூவாது என்று பேர்.

மைக் கூவுவதைக் கேட்காதவர் யார்? பேச்சாளர் எழுந்து நின்றதும் ‘கீ’ என்று மண்டபத்தையே அறுக்குமே, அதுதான். அந்தச் சத்தத்தை யாரும் போடுவதில்லை. அது தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். ஸ்பீக்கரிலிருந்து கசியும் ஒரு சின்னச் சலசலப்பு மைக்குக்குள் போகும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது மறுபடி மைக்குக்கு வரும். சுற்றச் சுற்றப் பெருத்து, ஆம்ப்ளிஃபயருக்கு இதற்குமேல் தெம்பில்லை என்கிற இடத்தில் போய் நிற்கும். பிறகு கூடாது, குறையாது. இருமலில் தொடங்கினாலும் இடியில் தொடங்கினாலும் வந்து சேர்வது அதே சுருதி, அதே உரப்பு. மைக்கை ஒரு கணம் திருப்பிவிட்டுப் பழையபடி வைத்தால், அதே குரல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு சுருதி உண்டு.

ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகு தாழ்வாக இருக்கும்வரை கூவல் என்ற ஒன்றே கிடையாது. ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பிறக்கும். ஆளில்லாத மண்டபத்தில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒரு மயிரிழை பின்வாங்கி நிறுத்துவதுதான் பஞ்சாட்சரத்தின் தொழில். அங்கே நிறுத்தினால் கிழவர் முனகினாலும் கடைசி வரிசைக்குக் கணீரென்று கேட்கும்.

“ஊருக்கெல்லாம் சத்தம் வைக்கிற. வூட்ல சங்கரி எதுர்ல மட்டும் உன் வால்யூம் ஜீரோபா” என்று சீண்டுவார் குப்புசாமி. அவர் பட்டுத் தறி நெய்பவர். பஞ்சாட்சரத்துக்குச் சின்ன வயசிலிருந்தே கூட்டாளி. சங்கரி பஞ்சாட்சரத்தின் மனைவி.

போன ஆடியில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்த மறுநாள், பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது வலது காதில் ஒரு விசில் கேட்டது. எதையோ அணைக்க மறந்துவிட்டோம் என்று திரும்பினார். ஒயர்கள் எல்லாம் சுருட்டி வேனில் கிடந்தன. கரன்ட் எங்கும் இல்லை. விசில் மட்டும் இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். பஞ்சாட்சரத்தின் கை மடியிலேயே கிடந்தது.

“மேல் சுருதியெல்லாம் உங்களுக்குக் கேக்கல சார். அது வராததால மூளை தானா வால்யூமை ஏத்துது. ஏத்தி ஏத்தி, சத்தமே இல்லாதப்பவும் ஒண்ணு கேக்குது.”

“அப்போ உள்ள கூவுதுன்னு சொல்லுங்க.”

“அப்படியும் சொல்லலாம்.”

“கொறைக்கிற திருகு எங்க மேடம் கீது?”

டாக்டர் சிரித்தார். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். “பெரிய ஸ்பீக்கர் பக்கம் போறதைக் கொறைங்க. அதையே கவனிச்சுக்கிட்டு இருக்காதீங்க. பயந்தா அதிகமாத் தெரியும்.”

கவனிக்காமல் எப்படி இருப்பது? இருக்கிறதா என்று பார்க்கக் காது கொடுத்தால் இருந்தது. இருக்கிறதே என்று பயந்தால் உரத்தது. உரத்ததும் மறுபடி காது கொடுத்தார். இப்படியே சுற்றி ஓர் அளவில் போய் நின்றது. அதற்குமேல் ஏறவில்லை, அணையவும் இல்லை. பேரன்மார் சத்தத்தில், சந்தை இரைச்சலில் சற்று மறக்கும். தனியாக உட்கார்ந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

விசிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காது கேட்காத மைக் செட்காரனை யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பயம்தான் சோற்றில் கையை வைக்கவிடவில்லை. திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்தில் காதின் விசிலை மைக்கின் கூவல் என்று எண்ணித் திருகைச் சட்டென்று இறக்கிவிட்டார். வாழ்த்திக்கொண்டிருந்தவர் வெறும் வாயை அசைத்தார். “மைக்கு பூட்ச்சி” என்று பந்தலே கத்தியது. அன்றிலிருந்து காதை நம்புவதை விட்டு முகங்களைப் பார்க்கத் தொடங்கினார். கூவல் எழுந்தால் முதலில் குழந்தைகள் காதைப் பொத்தும். பிறகு முன்வரிசைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதற்குள் திருகை இறக்கிவிடலாம். இந்த வித்தையில் ஆறு மாதம் ஓட்டினார். சங்கரிக்குக்கூடத் தெரியாது.

தை மாதம் குப்புசாமி செத்துப்போனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பதினாறாம் நாள் முடிந்து, நெசவாளர் சங்கம் ஒரு சின்ன மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தது. மைக் செட் யார் என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் தனியாக நின்று பஞ்சாட்சரம் திருகை ஏற்றினார். கூவவில்லை. இன்னும் ஏற்றினார். கூவவில்லை. தாழ்ந்த தகரக் கூரை, வழவழப்பான தரை. இந்த மாதிரி மண்டபம் கூவாமல் இருக்காது. கூவிக்கொண்டேதான் இருக்கிறதோ, தனக்குத்தான் எட்டவில்லையோ? பழைய ஆம்ப்ளிஃபயர்; அளவு காட்டும் விளக்குகளும் எப்போதோ அவிந்துவிட்டன. அவசரமாக இறக்கி, ஒரு குத்துமதிப்பில் நிறுத்திப் பேனாவால் கோடு போட்டார்.

கூட்டம் நல்லபடியாகவே போனது. முன்வரிசையில் குப்புசாமியின் மனைவி பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சங்கரி. முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில், நண்பனைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்பதே பஞ்சாட்சரத்தின் மனசில் ஏறவில்லை.

சங்கச் செயலாளர் ஜெயக்குமார், மாலை போட்ட படத்தை மறைக்கிறது என்று மைக் ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தினார். “எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா இருக்கணும்னு கேட்டுக்கறேன்.”

எல்லாரும் எழுந்தார்கள். தலைகள் குனிந்தன, கண்கள் மூடின. பார்ப்பதற்கு ஒரு முகம் இல்லை.

விசில் எழுந்தது.

காதா, மைக்கா? திருகை அடிவரைக்கும் இறக்கினார். விசில் அப்படியே நின்றது. காதுதான். தன் காதுதான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அதைக் கேட்டு அவருக்கு ஆறுதல் வந்தது. அடுத்து ஜெயக்குமார் நன்றி சொல்வார் என்று திருகைக் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். குப்புசாமியின் முகம் வந்தது. வெற்றிலைக் கறை படிந்த பல். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கும் பார்வை. கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

கண்ணைத் திறந்தார். மண்டபம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. பூவம்மாள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டில் மைக் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. ஜெயக்குமார் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

“இன்னாண்ணா, ஒயரு எதனா லூஸா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாளைக்கும் வேன் ஓடும். பஞ்சாட்சரம் அந்தச் சொல்லை வாய்வரைக்கும் கொண்டுவந்தார்.

“எனக்குக் கேக்கலபா.”

“ஒயரு லூஸான்னு கேட்டேண்ணா” என்று ஜெயக்குமார் குரலை உயர்த்தினார்.

“நீ கேட்டது கேட்ச்சிபா. மைக்கு கூவுனது கேக்கல. கொஞ்ச நாளாவே கேக்கல.”

ஜெயக்குமார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வெறும் குரலிலேயே, “மறுபடி ஒரு நிமிஷம் நிப்போம்” என்றார்.

மறுபடி தலைகள் குனிந்தன. எல்லாம் குனியவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் அவரைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஊகிக்கக் காது தேவைப்படவில்லை.

சங்கரி முன்வரிசையை விட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

“எத்தினி நாளா?”

“ஆடிலேர்ந்து.”

அவர் பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். ஆறு மாதமாகக் கண்ணாடியில் பார்த்துவந்த அதே பயம் அங்கே ஏறிக்கொண்டிருந்தது. திருகை இறக்குவதுபோல் அவர் கை தானாகக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது.